அமெரிக்க தேசிய கீதம் பொறந்த சண்டை எது? 1812 யுத்தம் பத்தி எளிமையா

அமெரிக்காவோட தேசிய கீதம் பத்தி பேச்சு வந்தா நம்ம ஆளுங்க நிறைய பேர் சொல்றது, "அது அவங்க பிரிட்டிஷ்காரன்கிட்ட சண்டை போட்டு சுதந்திரம் வாங்குனப்ப எழுதுன பாட்டு"னு. பாதி சரி. பிரிட்டிஷ்காரன் கூட நடந்த சண்டையில தான் அந்தப் பாட்டு பொறந்துச்சு, ஆனா அது சுதந்திரப் போர் கிடையாது. சுதந்திரம் வாங்கி ஏறக்குறைய முப்பது வருஷம் கழிச்சு அதே பிரிட்டன் கூட இன்னொரு தடவை மோதுனாங்க, அதுக்கு பேரு 1812 யுத்தம், பேருல ஒரே வருஷம் இருந்தாலும் 1815 ஆரம்பம் வரைக்கும் இழுத்துச்சு. இந்தச் சண்டைய "ரெண்டாவது சுதந்திரப் போர்"னு சொல்றவங்க இருக்காங்க, "அமெரிக்கா தோத்துப் போச்சு"ன்னு சொல்றவங்க இருக்காங்க, "கனடா தான் ஜெயிச்சுச்சு"ன்னு கனடாக்காரங்க சொல்லுவாங்க. ஒவ்வொருத்தரும் ஒரு துண்ட மட்டும் பிடிச்சுக்கிட்டு பேசுறாங்க, அதனால மொதல்ல இருந்தே பார்க்கலாம்.

ரெண்டு சண்டையையும் மொதல்ல பிரிச்சுக்கலாம்

மொத சண்டை 1775-ல இருந்து 1783 வரைக்கும். ஜார்ஜ் வாஷிங்டன் நடத்துனது, 13 காலனிகள் பிரிட்டன விட்டு பிரிஞ்சு தனி நாடானது. ஜூலை 4 கொண்டாடுறது அந்தக் கதை.

ரெண்டாவது சண்டை 1812 ஜூன் 18-ல ஆரம்பிச்சுது, அப்ப ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசன். அமெரிக்க காங்கிரஸ் ஓட்டு போட்டு இன்னொரு நாட்டு மேல முறைப்படி போர் அறிவிச்சது அதுதான் மொத தடவை. அந்த ஓட்டையும் பாருங்க, செனட்ல 19-க்கு 13, கீழ்சபையில 79-க்கு 49. ஊரே ஒண்ணா எழுந்து நின்ன சண்டை இல்ல இது, நாட்டுல கணிசமான பேருக்கு, முக்கியமா கப்பல் வியாபாரம் பண்ணிட்டிருந்த வடகிழக்கு மாநிலங்களுக்கு, இந்தச் சண்டை சுத்தமா பிடிக்கல. இத ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில இது தேவைப்படும்.

சண்டை ஏன் வந்துச்சு: ரெண்டு பெரிய கடைக்கு நடுவுல ஒரு சின்ன கடை

ஒரு கடைத்தெருவுல ரெண்டு பெரிய முதலாளிங்க வருஷக்கணக்கா சண்டை போட்டுட்டு இருக்காங்கனு வச்சுக்கோங்க. நடுவுல புதுசா கடை போட்ட ஒருத்தன் ரெண்டு பேருக்கும் சரக்கு போட்டு நல்லா சம்பாதிக்கிறான். ஒரு நாள் மொத முதலாளி வந்து "அவனுக்கு சரக்கு போட்டா உன் வண்டிய பிடிப்பேன்"னு சொல்றான், அடுத்த நாள் ரெண்டாமத்தவனும் அதையே சொல்றான். அமெரிக்கா அந்த நடுக்கடை. ரெண்டு முதலாளிங்க பிரிட்டனும், நெப்போலியனோட பிரான்ஸும். ரெண்டு பேருமே அமெரிக்க கப்பல்கள பிடிச்சாங்க, ஆனா கடல்ல பலம் பிரிட்டனுக்கு தான், அதனால அடி அதிகமா அங்க இருந்து தான் வந்துச்சு.

சரக்கோட நின்னிருந்தா ஒருவேளை பேசித் தீர்த்திருப்பாங்க. கோபத்த கிளப்புனது ஆள் பிடிக்கிற விஷயம். நீங்க போற பஸ்ஸ நடுரோட்டுல நிறுத்தி, துப்பாக்கியோட நாலு பேர் ஏறி, உங்க முகத்தப் பார்த்து "நீ எங்க ஊரு ஆளு, எறங்கு, இனிமே எங்ககிட்ட தான் வேலை"ன்னு இழுத்துட்டுப் போனா எப்படி இருக்கும்? பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடல்ல அமெரிக்க கப்பல நிறுத்தி இதத்தான் பண்ணுச்சு. மாலுமிகள வலுக்கட்டாயமா தன் போர்க்கப்பல்ல வேலைக்கு இழுக்குற இந்த வழக்கத்துக்கு இம்ப்ரெஸ்மென்ட்னு பேரு. பிரிட்டன் பக்கத்து நியாயம் என்னன்னா, நெப்போலியன் கூட சண்டை, கப்பலுக்கு ஆள் பத்தல, சொந்த மாலுமிங்க நல்ல சம்பளத்துக்காக அமெரிக்க கப்பலுக்கு ஓடிப்போறாங்க, அதோட பிரிட்டிஷ் மண்ணுல பொறந்தவன் சாகுற வரைக்கும் பிரிட்டிஷ் குடிமகன் தான், வேற நாட்டுக் குடியுரிமை வாங்குனாலும் செல்லாது. அமெரிக்கா அத ஒத்துக்கல. ரெண்டு பேரும் ஒரே மொழி பேசுறவங்க, முகமும் ஒரே மாதிரி, யார் யாருன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? அதனால அமெரிக்காவுலயே பொறந்தவங்களும் மாட்டுனாங்க. ஏறக்குறைய 6,000-ல இருந்து 10,000 அமெரிக்க மாலுமிங்க வரைக்கும் இப்படி போயிருப்பாங்கனு வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க.

1807-ல எச்எம்எஸ் லெப்பர்டுங்குற பிரிட்டிஷ் கப்பல், யுஎஸ்எஸ் செசபீக்ங்குற அமெரிக்க போர்க்கப்பல வர்ஜீனியா கரைக்குப் பக்கத்துலயே சுட்டுச்சு, மூணு பேர் அங்கயே செத்தாங்க, நாலு பேர பிடிச்சுட்டுப் போனாங்க. வியாபாரக் கப்பல்ல ஆள் பிடிச்சத பொறுத்துக்கிட்டவங்களுக்கு கூட, அரசாங்க கப்பல்லயே கைய வச்சது தாங்க முடியல. இந்தக் காயம் ஆறவே இல்ல.

ரொம்ப வேதனையான விஷயம் ஒண்ணு இருக்கு. அமெரிக்க வியாபாரத்த நெரிச்ச அந்த பிரிட்டிஷ் உத்தரவுகள லண்டன் 1812 ஜூன்லயே வாபஸ் வாங்கிடுச்சு. அமெரிக்கா போர் அறிவிச்ச அதே மாசம். ஆனா அட்லாண்டிக் கடல தாண்டி ஒரு சேதி வர பல வாரம் ஆகும், கப்பல் தான் போஸ்ட்மேன். சேதி வந்து சேர்றதுக்குள்ள சண்டை ஓட ஆரம்பிச்சிடுச்சு, ஆள் பிடிக்கிற பிரச்சனை வேற அப்படியே இருந்ததால நிறுத்தவும் இல்ல.

கடல் மட்டும் காரணம் இல்ல, மண்ணும் தான்

பள்ளிக்கூட பாடத்துல பெரும்பாலும் கடல் கதையோட நிறுத்திடுவாங்க. ஆனா போருக்கு ரொம்ப குதிச்சவங்க சொந்தக் கப்பல் அவ்வளவா இல்லாத தெற்கு, மேற்கு பகுதிகள சேர்ந்த இளம் அரசியல்வாதிங்க, ஹென்றி க்ளே, ஜான் கால்ஹவுன் மாதிரி ஆளுங்க. போர்ப் பருந்துகள்னு இவங்களுக்கு பேரு. இவங்க கண்ணு மண்ணு மேல. வடக்க கனடா, அப்ப அது பிரிட்டிஷ் காலனி, மக்கள் தொகை அஞ்சு லட்சம் சொச்சம், அமெரிக்காவுல எழுபது லட்சத்துக்கு மேல. கியூபெக் பக்கம் வரைக்கும் பிடிக்கிறது சும்மா நடந்து போற வேலை தான்னு முன்னாள் ஜனாதிபதி ஜெஃபர்சனே ஒரு கடிதத்துல எழுதியிருக்காரு.

மேற்குல பூர்வகுடி மக்கள். ஷானி இனத்தச் சேர்ந்த டெகும்சேங்குற தலைவர், எங்க நிலம் எந்த ஒரு இனத்துக்கும் தனியா விக்க உரிமை இல்லாத பொது நிலம்னு சொல்லி, பல இனங்கள ஒண்ணா சேர்த்து ஒரு கூட்டணி கட்டிட்டு இருந்தாரு. அவருக்கு பிரிட்டிஷ்காரங்க ஆயுதம் குடுக்குறாங்கனு அமெரிக்க எல்லை ஜனங்களுக்கு கோபம். டெகும்சேவுக்கும் பிரிட்டன் மேல காதல் ஒண்ணும் இல்ல, நிலத்த பிடுங்க வர்றவன தடுக்க கூட நிக்க வேற யாரும் இல்ல, அவ்வளவு தான்.

இதுவரைக்கும் பார்த்தத சுருக்கமா சொன்னா: கடல்ல வியாபாரத் தடை, மாலுமிகள பிடிக்கிறது, மேற்குல பூர்வகுடி நிலம், வடக்குல கனடா ஆசை. சண்டைக்கு இந்த நாலும் சேர்ந்து தான் காரணம்.

மொத ரெண்டு வருஷம்: தரையில அடி, தண்ணியில ஆச்சரியம்

நடந்து போய் பிடிக்கலாம்னு நினைச்ச கனடா ஒரு இஞ்சு கூட கைக்கு நிலைக்கல. 1812 ஆகஸ்ட்ல டெட்ராய்ட்டுல அமெரிக்க ஜெனரல் ஹல், பிரிட்டிஷ் தளபதி ஐசக் பிராக் கிட்டயும் டெகும்சே கிட்டயும் கோட்டைய ஒப்படைச்சு சரணடைஞ்சாரு. அக்டோபர்ல குவீன்ஸ்டன் ஹைட்ஸ்ல மறுபடி தோல்வி, அங்க பிராக் செத்துப்போனாரு, இன்னிக்கும் கனடாவுல அவரு பெரிய வீரர். அமெரிக்கா பக்கம் நிறைய பேர் மிலிஷியா, அதாவது சண்டை வந்தா மட்டும் துப்பாக்கிய தூக்குற ஊர்க்காரங்க, விவசாயி, கடைக்காரர், தச்சர். சொந்த மாநிலத்த காப்பாத்த வருவோம், எல்லை தாண்டி கனடாவுக்குள்ள வரமாட்டோம்னு அவங்கள்ல நிறைய பேர் நின்னுட்டாங்க.

கடல்ல தான் யாரும் எதிர்பார்க்காதது நடந்துச்சு. பிரிட்டன்கிட்ட 500-க்கு மேல போர்க்கப்பல், அமெரிக்காகிட்ட 20 கூட தேறாது. ஆனா 1812 ஆகஸ்ட் 19-ல யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன், பிரிட்டனோட எச்எம்எஸ் கெரியேர் கப்பல நொறுக்கிடுச்சு. குண்டு பட்டு தெறிச்சு விழுந்ததப் பார்த்து "இதோட பக்கமெல்லாம் இரும்பு"ன்னு ஒரு மாலுமி கத்துனதா சொல்லுவாங்க, உண்மையில அது ஓக் மரம், அவ்வளவு கெட்டி. ஓல்ட் அயர்ன்சைட்ஸ்னு பேரு ஒட்டிக்கிச்சு. அந்தக் கப்பல் இன்னிக்கும் பாஸ்டன்ல தண்ணியில நிக்குது, அமெரிக்க கடற்படையோட கணக்குல இன்னும் பணியில இருக்குற கப்பல்.

1813-ல ஈரி ஏரியில அமெரிக்கா ஜெயிச்சுது, அடுத்த மாசம் தேம்ஸ் ஆத்தங்கரை சண்டையில (லண்டன் தேம்ஸ் இல்ல, கனடாவுல இருக்குறது) டெகும்சே கொல்லப்பட்டாரு. அவரோட கூட்டணியும் அதோட உடைஞ்சுது.

தலைநகரம் எரிஞ்ச நாள்

1814-ல நெப்போலியன் பதவிய விட்டு எறங்குனதும் பிரிட்டனுக்கு கை ஃப்ரீ ஆச்சு, ஐரோப்பாவுல சண்டை போட்டு பழுத்த சிப்பாய்ங்கள அமெரிக்காவுக்கு அனுப்புனாங்க. ஆகஸ்ட் 24-ல பிளாடன்ஸ்பர்க்ங்குற இடத்துல மிலிஷியா சிதறி ஓடுச்சு, அன்னிக்கு சாயங்காலமே பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள்ள. ஜனாதிபதி மாளிகையில விருந்துக்கு மேஜை போட்டு வச்சிருந்தத உக்காந்து சாப்பிட்டுட்டு, அப்புறம் மாளிகைக்கு தீ வச்சாங்க. பாராளுமன்றக் கட்டிடமும், அதுக்குள்ள இருந்த லைப்ரரியும் எரிஞ்சு போச்சு. அதுக்கு முந்தின வருஷம் அமெரிக்கப் படை யார்க் நகரத்துல, அதாவது இன்னிக்கு டொராண்டோ, சட்டசபைய எரிச்சதும் இங்க சேர்த்து சொல்லணும், ஒரு பக்கத்து தீய மட்டும் ஞாபகம் வச்சுக்கிறது நியாயம் இல்ல.

இந்த இடத்துல ரெண்டு தப்பான கதை சுத்துது. ஒண்ணு, எரிஞ்ச கரிய மறைக்க வெள்ளை பெயிண்ட் அடிச்சதால தான் வெள்ளை மாளிகைனு பேரு வந்துச்சுங்குறது. அந்தக் கட்டிடத்துக்கு 1798-லயே வெள்ளை அடிச்சாச்சு, அந்தப் பேரும் சண்டைக்கு முன்னாடியே புழக்கத்துல இருந்துச்சு. இன்னொண்ணு, மேடிசனோட மனைவி டாலி, ஜார்ஜ் வாஷிங்டன் படத்த தானே கையில தூக்கிட்டு ஓடுனாங்கங்குறது. படத்த காப்பாத்தச் சொன்னது அவங்க தான், ஆனா கழட்டி எடுத்தது அங்க வேலை பார்த்தவங்க. அந்த வீட்டுல அடிமையா இருந்த பால் ஜென்னிங்ஸ், அப்ப 15 வயசு பையன், பின்னாடி விடுதலையாகி இத எழுதியே வச்சிருக்காரு.

பால்டிமோர்: ஒரு ராத்திரி, ஒரு கொடி

மூணு வாரத்துல பிரிட்டிஷ்காரங்க அடுத்த ஊருக்கு வந்தாங்க, பால்டிமோர் துறைமுகம். அதுக்கு காவல் மெக்ஹென்றி கோட்டை. அங்க தளபதி ஜார்ஜ் ஆர்மிஸ்டெட், தூரத்துல இருந்து பார்த்தாலே தெரியுற மாதிரி ஒரு பெரிய கொடி வேணும்னு முந்தின வருஷமே ஆர்டர் குடுத்து வச்சிருந்தாரு. மேரி பிக்கர்ஸ்கில்ங்குற அம்மா, பொண்ணு, அண்ணன் தங்கச்சி புள்ளைங்க, வீட்டுல ஒப்பந்தத்துல வேலை செஞ்ச கிரேஸ் விஷர்ங்குற கறுப்பினப் பொண்ணு எல்லாரும் சேர்ந்து தைச்சாங்க. 30 அடிக்கு 42 அடி. வீட்டுல விரிக்க இடம் பத்தாம ஒரு பீர் ஆலையோட தரையில விரிச்சு தைச்சிருக்காங்க. அதுல 15 நட்சத்திரம், 15 கோடு, அப்ப சட்டம் அப்படி.

செப்டம்பர் 13 காலையில குண்டு மழை ஆரம்பிச்சுது, ஏறக்குறைய 25 மணி நேரம், 1,500-க்கு மேல குண்டு. பிரிட்டிஷ் கப்பல்கள் ரெண்டு மைல் தள்ளி, கோட்டை பீரங்கி எட்டாத தூரத்துல நின்னுக்கிட்டு சுட்டுச்சு. கோட்டைக்குள்ள இருந்தவங்களுக்கு திருப்பி அடிக்க வழியில்ல, தாங்கிக்கிட்டு உக்காந்திருக்கணும், அவ்வளவு தான். கோட்டையில செத்தது நாலு பேர்.

பிரான்சிஸ் ஸ்காட் கீங்குற வக்கீல், பிரிட்டிஷ்காரங்க பிடிச்சு வச்சிருந்த ஒரு டாக்டர விடுவிக்க சமாதானக் கொடியோட போயிருந்தாரு. டாக்டர விட ஒத்துக்கிட்டாங்க, ஆனா தாக்குதல் திட்டம் தெரிஞ்சு போனதால சண்டை முடியுற வரைக்கும் கரைக்கு போகக் கூடாதுனு நிறுத்தி வச்சுட்டாங்க. அதனால அந்த ராத்திரி முழுக்க எதிரி கப்பல்களுக்கு பக்கத்துல இருந்து, வெடிக்கிற வெளிச்சத்துல கோட்டைய பார்த்துக்கிட்டே இருந்தாரு. சுடுற வரைக்கும் கோட்டை விழலனு அர்த்தம், சத்தம் நின்னதும் தான் பயம் வந்திருக்கும், விடியுற வரைக்கும் எதுவும் தெரியாது. விடிஞ்சதும் தெரிஞ்சது அந்தப் பெரிய கொடி. அந்தக் கவிதையோட மொத வரியே ஒரு கேள்வி தான், விடியல் வெளிச்சத்துல உனக்கு அது தெரியுதானு. ராத்திரி முழுக்க கண்ணு மூடாம உக்காந்திருந்தவனோட கேள்வி அது. அவரு எழுதுனது அப்போ பிரபலமா இருந்த ஒரு ஆங்கிலேயப் பாட்டோட மெட்டுல உக்காந்துச்சு, 1931-ல தான் சட்டப்படி தேசிய கீதமாச்சு.

அந்தப் பாட்டுல ராக்கெட்டோட சிவப்பு வெளிச்சம்னு ஒரு இடம் வரும். அந்த ராக்கெட்டோட பூர்வீகம் நம்ம பக்கம். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் மைசூர் படையில இரும்புக் குழாய்ல மருந்த அடைச்சு மூங்கில்ல கட்டி ராக்கெட் விட்டாங்க, 1780-ல நம்ம காஞ்சிபுரத்துக்கு பக்கத்துல பொள்ளிலூர் சண்டையில கம்பெனி படை அதுல அடி வாங்குச்சு. 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்துல வுல்விச் ஆயுதசாலைக்கு போச்சு, அங்க வில்லியம் காங்கிரீவ் அத வச்சு பிரிட்டனுக்கு புது ராக்கெட் செஞ்சாரு. பால்டிமோர் வானத்துல சிவப்பா பறந்தது காங்கிரீவ் ராக்கெட். காஞ்சிபுரத்துக்கும் அமெரிக்க தேசிய கீதத்துக்கும் நடுவுல இருக்குற இந்தத் தொடர்ப நினைச்சா எனக்கு இன்னிக்கும் சிலிர்க்கும்.

அப்ப யார் தான் ஜெயிச்சா?

வரப்பு தகராறுல பஞ்சாயத்து எப்படி முடியும்? "சண்டைக்கு முன்னாடி யார் கையில எவ்வளவு இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும், கலைஞ்சு போங்க". பெல்ஜியத்துல இருக்குற கென்ட் ஊர்ல 1814 டிசம்பர் 24-ல போட்ட ஒப்பந்தம் அதே தான். இதுக்கு லத்தீன்ல ஸ்டேடஸ் குவோ ஆன்டே பெல்லம்னு பேரு, போருக்கு முந்தின நிலைமைனு அர்த்தம். எல்லை நகரல. ஆள் பிடிக்கிறது பத்தி ஒப்பந்தத்துல ஒரு வார்த்தை கூட இல்ல, நெப்போலியன் சண்டை முடிஞ்சதால அந்தப் பழக்கம் தானா நின்னு போச்சு.

காகிதத்துல டிரா. அப்புறம் எப்படி அமெரிக்காவுக்கு ஜெயிச்ச உணர்வு வந்துச்சு? சேதி வந்து சேர்ந்த வரிசையில தான் சூட்சுமம் இருக்கு.

ஒப்பந்தம் கப்பல்ல வந்துட்டு இருக்கும்போதே, 1815 ஜனவரி 8-ல, நியூ ஆர்லியன்ஸ்ல அமெரிக்க தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனோட படை பிரிட்டிஷ் படைய நொறுக்குச்சு. பிரிட்டன் பக்கம் செத்தவங்க, அடிபட்டவங்க, மாட்டுனவங்க எல்லாம் சேர்த்து 2,000 பேர் சொச்சம், தளபதி பாக்கன்ஹாமும் செத்தாரு, ஜாக்சன் பக்கம் அந்த முக்கியமான தாக்குதல்ல செத்தது 13 பேர். இந்த வெற்றிச் சேதி வாஷிங்டனுக்கு பிப்ரவரி 4-ல வந்துச்சு. பத்து நாள் கழிச்சு, ஊரெல்லாம் விளக்கேத்தி கொண்டாடிட்டு இருக்கும்போது, சமாதான ஒப்பந்தம் வந்து சேருது. சாதாரண ஜனங்க கண்ணுல அது எப்படி தெரியும்? நாம அடிச்ச அடியில அவன் இறங்கி வந்துட்டான்னு தான். தேதிய தலைகீழா படிச்சிருக்காங்க, ஆனா அந்தக் காலத்து சேதி வேகத்துல வேற மாதிரி படிக்க வழியும் இல்ல.

"போர் முடிஞ்சப்புறம் நடந்த வெட்டிச் சண்டை"ன்னு நியூ ஆர்லியன்ஸ சொல்றதும் முழுசா சரியில்ல. ரெண்டு அரசாங்கமும் ரேட்டிஃபை பண்ணா, அதாவது கையெழுத்தான ஒப்பந்தத்த முறைப்படி ஏத்துக்கிட்டா தான் போர் நிக்கும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. அமெரிக்க செனட் ஏத்துக்கிட்டது பிப்ரவரி 16. அதனால ஜனவரி 8-ல போர் சட்டப்படி நடந்துட்டு தான் இருந்துச்சு.

அதே வாரங்கள்ல தான் வடகிழக்கு மாநிலங்களோட பிரதிநிதிகள், ஹார்ட்ஃபோர்டுல கூடி போரை கண்டிச்சு எழுதுன கோரிக்கைகளோட வாஷிங்டன் வந்து சேர்ந்தாங்க. வெற்றிக் கொண்டாட்டத்துக்கு நடுவுல குறை சொல்ல வந்தவங்களா நின்னாங்க, துரோகிங்கனு பேரு வாங்குனாங்க, அவங்களோட ஃபெடரலிஸ்ட் கட்சி அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்ல. போரை எதிர்த்தவங்க கதையில இருந்தே மறைஞ்சு போனாங்க. ஜாக்சன் அந்த ஒரு வெற்றியோட பேர வச்சே பின்னாடி ஜனாதிபதி ஆனாரு.

சுருக்கமா: ஒப்பந்தம் எதையும் மாத்தல, ஆனா கடைசி ஆறு மாசத்துல வந்த பால்டிமோரும் நியூ ஆர்லியன்ஸும் மொத ரெண்டு வருஷத்து தோல்விய ஞாபகத்துல இருந்து அழிச்சிடுச்சு. கனடாவுக்கு அவங்க மண்ணு கை மாறல, அதனால அவங்களுக்கு அது வெற்றி. பிரிட்டனுக்கு அடுத்த நாலு மாசத்துல, திரும்பி வந்த நெப்போலியன கடைசியா தோக்கடிச்ச வாட்டர்லூ சண்டை வந்துடுச்சு, இந்தச் சண்டைய மறந்தே போயிட்டாங்க.

கொடியில தெரியாதவங்க

தைச்ச அந்தக் கொடி இப்ப வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு, 42 அடி இருந்தது 34 அடியாச்சு, ஆர்மிஸ்டெட் குடும்பத்துல ஞாபகத்துக்குனு துண்டு துண்டா வெட்டி குடுத்திருக்காங்க. பாட்டோட மூணாவது பத்தியில அடிமைங்களுக்கு தப்பிக்க இடமில்லனு வர்ற வரிய இன்னிக்கு யாரும் பாடுறதில்ல. அந்தப் போர்ல 4,000 அடிமைங்க வரைக்கும் பிரிட்டிஷ் பக்கம் தப்பி ஓடி விடுதலை ஆனாங்க, அவங்கள்ல சிலர் பிரிட்டிஷ் சீருடையில பால்டிமோர் பக்கமே சண்டையும் போட்டாங்க. பாட்டு எழுதுன கீ அடிமைங்கள வச்சிருந்தவரு.

எல்லாத்தையும் இழந்தவங்க பூர்வகுடிங்க. 1814 மார்ச்ல ஹார்ஸ்ஷூ பெண்ட்ங்குற இடத்துல ஜாக்சன் படை கிரீக் இனத்துல 800 பேருக்கு மேல கொன்னுச்சு, ஆகஸ்ட்ல ஒரு ஒப்பந்தம் போட்டு ரெண்டு கோடி ஏக்கருக்கு மேல நிலத்த வாங்கிக்கிட்டாங்க, அதுல ஜாக்சன் பக்கம் நின்னு சண்டை போட்ட கிரீக் ஜனங்களோட நிலமும் அடக்கம். கென்ட் ஒப்பந்தத்தோட 9-வது பிரிவுல, பூர்வகுடிகளுக்கு 1811-ல இருந்த நிலத்தையும் உரிமையையும் திருப்பித் தரணும்னு எழுதியிருக்கு. அமெரிக்கா தரல, பிரிட்டன் வற்புறுத்தவும் இல்ல. அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில அவங்க சார்பா ஒருத்தர் கூட உக்காந்திருக்கல. 1830-ல ஜனாதிபதி ஜாக்சன் கையெழுத்து போட்ட சட்டத்தோட, மிச்சம் இருந்தவங்களும் மிசிசிப்பி ஆத்துக்கு அந்தப் பக்கம் நடக்க வேண்டியதாச்சு.